தானா வந்துச்சு

மாஸ்டருக்கு மாதவிலக்கு வருவது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வருவது போல. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் சீக்கிரத்தில் கிளம்பாது. கிளம்பிப் போனால் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே இதே கதைதான். அம்மா டாக்டரிடம் கூட்டிப் போவார், டாக்டர் மாத்திரை கொடுப்பார், மாத்திரை முடிந்ததும் அது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற அந்த மிடுக்கு அவளுக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மாஸ்டர் என்பது அவள் பெயரில்லை. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை பார்த்தாள். அங்கே சொல்லித்தருகிறவர் ஆணோ பெண்ணோ, எல்லாரும் மாஸ்டர்தான். தன் முகவாயில் அவ்வப்போது முளைக்கும் முடியைப் பார்த்தால் பட்டம் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த முடியைப் பிடுங்குகிற உரிமை கணவனுக்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பான். "ஆடாத, இங்க ஒரு ஸ்க்ரூ டைட்டா இருக்கு" என்பான். அவள் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள்.

தனியாக இருக்கும்போது அவனை "டா" போட்டுத்தான் கூப்பிடுவாள். மாமியார் தலை தெரிந்தால் அது "ங்க" ஆகிவிடும். சில நேரம் ஒரே வாக்கியத்தின் நடுவில் மாறும். "டேய், அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று அவள் சொன்னால், மாமியார் ஹாலுக்கு வந்துவிட்டார் என்று அவன் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வான்.

குழந்தை வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தபோது, முடிவெடுப்பதுதான் கஷ்டமான பகுதி என்று நினைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா எதையும் சுற்றி வளைக்காத ஆள். ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் வரிசையாக நின்றன.

"நீர்க்கட்டின்னு ஊரே சொல்லும். கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பாதி வளர்ந்த முட்டைங்க. கிளம்புதுங்க, பாதி வழியில உட்கார்ந்துடுதுங்க. பிசிஓஎஸ்னு பேரு. நிறைய பேருக்கு இருக்கு."

முட்டையைக் கிளப்பி வெளியே அனுப்ப மாத்திரை இருக்கிறது, அதை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் வயது இருக்கிறது, சர்க்கரையும் எல்லைக்குள்தான் இருக்கிறது. சில மாதங்கள் ஒழுங்காக நடந்து, சாப்பிட்டு, தூங்கிப் பார்க்கலாம். எடை கொஞ்சம் குறைந்தால்கூடச் சிலருக்கு உடம்பு தானாக வழிக்கு வரும். வரவில்லை என்றால் மாத்திரை இருக்கவே இருக்கிறது. மாஸ்டர் யோசிக்கவே இல்லை. முதலில் தானாக வருகிறதா என்று பார்க்கலாம் என்றாள். சின்ன வயதிலிருந்து மாத்திரை போட்டு அழைத்து அழைத்து அலுத்துப்போன அவளுக்கு, ஒரு தடவையாவது தன் உடம்பு தானாக ஒரு காரியம் செய்வதைப் பார்க்க வேண்டும்.

கணவனுக்கும் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, ஜன்னலில்லாத சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வரிசையில் நின்ற யாரோ கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து அவன் வழக்கமாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "பதறாதீங்க, மூச்சை நல்லா விடுங்க, எல்லாம் சரியாயிடும்." அன்றைக்கு அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டானாம். முடிவு நன்றாகவே வந்தது. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவன் மாதிரி ஒரு வாரம் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

விஷயம் அவனுடைய அக்காவின் காதுக்குப் போனதும் நிலைமை மாறியது. நாத்தனார் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர். பல்லில் ஆரம்பித்து அதற்குக் கீழே உள்ள எல்லா உறுப்பும் தன் இலாகாதான் என்கிற நினைப்பு அவருக்கு. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, இடது பக்கம் படு, முடிந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் வை என்று குடும்ப வாட்ஸாப் குழுவிலேயே போட்டார். அந்தக் குழுவில் மாமனாரின் தம்பிகள் இரண்டு பேர் இருந்தார்கள். சித்தப்பா ஒருவர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அதோடு நிற்காமல் ஒரு பெட்டி நிறையப் பரிசோதனைக் குச்சிகளையும் வாங்கி வந்தார். தினமும் அதில் சிறுநீரை விட்டுப் பார்க்க வேண்டும். முட்டை கிளம்பப் போகிறது என்றால் குச்சியின் சின்னத் திரையில் சிரித்த முகம் ஒன்று தெரியும். தெரிந்தால் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்று தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்த முகம் ஒரு மதிய வேளையில், டிரைவிங் ஸ்கூலின் கழிப்பறையில் வந்தது. மாஸ்டரும் பதிலுக்குச் சிரித்தாள். கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அன்று அவன் ஒரு உயரமான அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் இருந்தான். அங்கே போன் அடித்தாலும் காதில் விழாது. அடுத்த வகுப்புக்கு வந்து காத்திருந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். ஓட்டுநர் பரீட்சையில் பல தடவை தோற்ற அம்மா. கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல ஒவ்வொரு வளைவையும் சந்தேகத்தோடு பார்த்து ஓட்டுவார். இன்றைக்கு வேறு வழியில் போகலாம் மேடம் என்று சொல்லி, மாஸ்டர் அவரைக் கணவன் வேலை செய்யும் கட்டடத்துக்கு வண்டியை விடச் சொன்னாள்.

கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஓடியிருந்தால் அவனுக்கு அங்கே என்ன வேலை. மாஸ்டர் படியேறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள், நாத்தனாரை மனதுக்குள் திட்டினாள், மறுபடி ஏறினாள். உச்சிக்குப் போனபோது முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. கணவன் முழங்கைவரை கிரீஸோடு நின்றான். பக்கத்தில் அவனுடைய மேலதிகாரி, தலை நரைத்த மனிதர், டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல பைப் உடைஞ்சிருச்சுங்க" என்றாள்.

"எந்த பைப்பு?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் காது மடல் மெல்லச் சிவந்தது. மேலதிகாரிதான் பாவம், நிஜமாகவே கவலைப்பட்டார். "உடனே போப்பா. இதையெல்லாம் தள்ளிப்போடக் கூடாது. நம்மகிட்ட இருக்கற ஸ்பானர் வேணும்னா எடுத்துக்க" என்றார்.

பின்சீட்டில் கிரீஸ் வாசனையோடு ஓர் ஆள் ஏறியதும் மேனேஜர் அம்மா கண்ணாடியில் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் மேடம், வீட்டில் ஒரு அவசரம் என்றாள் மாஸ்டர்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

மாஸ்டருக்குப் படியேறிய களைப்பில் பொய் எதுவும் கைவசம் இல்லை. "உடம்புல ஏதாவது நடக்கணும்னுதான் மேடம் அவசரமாப் போறோம்" என்றாள்.

அந்த அம்மா சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பின்சீட்டில் கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியையும் மிகுந்த அக்கறையோடு பார்த்தான். பச்சை விழுந்தது. "எனக்கும் மூத்தவ லேட்டாத்தான் வந்தா" என்று சொல்லிவிட்டு, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாலாவது கியரைப் போட்டார் மேனேஜர் அம்மா.

வீட்டில் மாமியார் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் தோழி வீட்டில் இருப்பார். மகனையும் மருமகளையும் பட்டப்பகலில் ஒன்றாகப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். மகன் பீரோவை நகர்த்த வேண்டும் என்று உளறினான். மாமியார் அவன் முகத்தைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, டிவியையே அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"நான் கீழ கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன். பீரோவைப் பாத்து நகர்த்துங்க. கீழ் வீட்டுல தூங்குற நேரம்."

கதவு சாத்தியதும் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் பாதி நேரம் போனது. மற்றபடி அந்த மதியத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கடமை கடமையாகவே முடிந்தது. அவள் காலைச் சுவரில் வைத்துப் படுத்திருக்க, அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். "சுவத்துல கால் அழுக்கு ஒட்டுது பாரு" என்றான். கிரீஸ் தலையணையிலேயே ஒட்டியிருக்கிறது, சுவரைப் பற்றிப் பேசாதே என்றாள்.

கீழே இறங்கிப் போனால், இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த ஒடுக்கமான இடத்தில் மேனேஜர் அம்மா பின்னால் எடுத்து, அளந்து வைத்தது போல வண்டியை நிறுத்தியிருந்தார். மாதக்கணக்கில் அவருக்குப் பிடிபடாத வித்தை அது. பக்கத்து சீட்டில் மாமியார் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதற்குள் மூட்டுவலிக்கு ஒரே டாக்டரைப் பார்ப்பதுவரை கண்டுபிடித்திருந்தார்கள். பீரோ நகர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சிரித்த முகம் அடிக்கடி வந்தது. அடுத்த வாரம் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. வந்த போதெல்லாம் ஓடினார்கள். பைப் இத்தனை தடவை உடைகிற வீட்டைக் காலி பண்ணிவிடு என்று மேலதிகாரி அறிவுரை சொன்னார். மாதவிலக்கும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை. கடைசியில் மறுபடி டாக்டரிடம் போனார்கள். குச்சி சமாசாரத்தைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிசிஓஎஸ் இருக்கற நிறைய பேருக்கு அந்தக் குச்சி பாக்கற ஹார்மோன் எப்பவுமே கொஞ்சம் மேலதான் நிக்கும். முட்டை கிளம்பினாலும் கிளம்பாட்டியும் குச்சி பல்லைக் காட்டும். அதை நம்பியா இவ்வளவு ஓடினீங்க?"

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கணவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாடிப்படி, மேலதிகாரியின் ஸ்பானர், அம்மாவின் பிஸ்கட் எல்லாம் நினைவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்தாள். அவன் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"நீ பாஸாயிட்ட, அதான் சிரிக்கற" என்றாள். "கோளாறெல்லாம் என் உடம்புலதானே."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். அந்தக் குச்சி வீட்டுக்கு வந்ததுலேர்ந்து, அது சொன்னாத்தான் நீ என்னைத் தொடற. சிரிக்கலைன்னா முதுகைக் காட்டிப் படுத்துடற. நானும் அப்படித்தான் இருக்கேன், இல்லைங்கல. ஆனா ஒரு பிளாஸ்டிக் குச்சி வந்து சிபாரிசு பண்ணித்தான் என் புருஷன் என்கிட்ட வரணுமாடா?"

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழுகை அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"எந்த மெஷினைப் பாத்தாலும் எங்க மாட்டியிருக்குன்னு தேடற புத்தி எனக்கு. உன்னையும் அப்படியே பாத்துட்டேன் போல."

"நான் லிஃப்ட் இல்லடா."

"தெரியுது. லிஃப்ட் இவ்வளவு திட்டாது."

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தக் கோலத்தை யாராவது பார்த்திருந்தால் இவளிடமா வண்டி கற்றுக்கொள்கிறோம் என்று பயந்திருப்பார்கள். அவன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதிலும் கிரீஸ் இருந்தது.

மிச்சக் குச்சிகளை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணி, இனிமே என் வயித்தைக் குரூப்ல போடாதீங்க" என்று கேட்டபோது, சரி என்று சொன்னார். சொன்ன சொல்லை ஏறக்குறையக் காப்பாற்றவும் செய்தார்.

காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் கணவன் கால் வலி என்றான், இரண்டாம் நாள் நாய் துரத்துகிறது என்றான். துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிய மாமியார் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு தெருக்கோடியில் போய் நின்று இடுப்பில் கை வைத்து முறைத்தார். வீட்டுச் சாப்பாட்டில் சர்க்கரை குறைந்தது. மனைவிக்குத் துணையாகத் தானும் இனிப்பில்லாத டீ குடிப்பேன் என்று சபதம் எடுத்தவன், வேலையிடத்தில் இரண்டு பங்கு சர்க்கரை போட்டுக் குடித்துக் கணக்கை நேர் செய்துகொண்டான். மாஸ்டர் நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குத் தூங்கினாள். படுக்கையில் தோன்றினால் ஒருவர் மேல் ஒருவர் கை போட்டார்கள், தோன்றாவிட்டால் குறட்டை விட்டார்கள். எந்தக் குச்சியும் இரண்டையும் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. எடை பார்க்கும் மெஷினில் முள் கொஞ்சமாக, மிகவும் யோசித்து யோசித்துக் கீழே வந்தது.

ஒரு நாள் வகுப்பின் நடுவில் அடிவயிற்றில் அந்தப் பழைய பிசைகிற வலி வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் முடிதிருத்தும் கடைக்காரர், புதிதாகச் சேர்ந்தவர். பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லிக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, தான் நன்றாக ஓட்டிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். காருக்கு வெளியே நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"வந்துடுச்சுடா."

அந்தப் பக்கம் மெல்ல ஒரு பெருமூச்சு. "சரி விடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"மண்டு, நல்லாக் கேளு. தானா வந்துச்சு. மாத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுவா வந்துச்சு."

அவனுக்கு உறைத்தது. அப்படி வந்தால் அநேகமாக முட்டை ஒன்று கடைசிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம் என்பதை டாக்டர் சொல்லியிருந்தார். இதுவரை பாதி வழியில் உட்கார்ந்த கூட்டத்திலிருந்து ஒன்று எழுந்து போயிருக்கிறது. அவன் போட்ட கூச்சல் பெட்ரோல் பங்க்வரை கேட்டது. கூச்சலோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு, "நல்ல சேதிம்மா, சாயங்காலம் வந்து சொல்றோம்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வைத்தான்.

மாஸ்டர் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துப் படுக்கலாம் என்று வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கைப்பையை வாங்கினார், சோபாவில் உட்காரவைத்தார், முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. மேசையில் பெரிய கேக் இருந்தது. அதில் 'அப்பா அம்மாவுக்கு வாழ்த்துகள்' என்று கிரீமில் எழுதியிருந்தது. பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, மஞ்சள் நிறத்தில், வாத்து படம் போட்டது. கணவன் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தான். மேசையோரம் திருடன் மாதிரி நின்றான். உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை என்பது தெரிந்தது. கேக்கின் ஓரத்தைத் தின்னும் தைரியம் வந்திருந்தது.

மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இதை மெதுவாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தாள். இல்லை.

"அண்ணி, எனக்கு பீரியட்ஸ் வந்திருக்கு. அதுதான் நல்ல சேதி."

நாத்தனாரின் வாய் திறந்தபடியே நின்றது. தம்பியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மாமியார் மட்டும் மருமகளைப் பார்த்தார்.

"தானாவா?"

"ஆமா அத்தை."

"மாத்திரை போடாமலா?"

"போடாமதான்."

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார். "அப்ப கேக்கு சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு" என்று சொல்லி, 'அப்பா' என்று எழுதியிருந்த பக்கத்தை நறுக்கென்று வெட்டி ஓரமாக வைத்தார். 'அம்மாவுக்கு வாழ்த்துகள்' என்று மிச்சமிருந்ததில் ஒரு துண்டு வெட்டி மருமகளின் கையில் கொடுத்தார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் கிரீம் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

பீரியட்ஸ் வந்ததற்குக் கேக் வெட்டும் குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை என்று நாத்தனார் புலம்பினார். புலம்பிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார். தொட்டியைக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான் என்பதால் அது இங்கேயே தங்கியது. மூட்டுவலிக்கு வெந்நீரில் காலை வைக்க அதுபோல வசதி வேறில்லை என்று மாமியார் அதைத் தன் கட்டிலடியில் தள்ளிக்கொண்டார்.

அடுத்த மாதமும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்கடுத்தும் வந்தது. உடம்பு வழிக்கு வந்துவிட்டது என்று நம்பத் தொடங்கிய நேரத்தில் நின்றுபோனது. வேறு பெண்களாக இருந்தால் மாதம் தள்ளியதுமே மனம் துள்ளியிருக்கும். மாஸ்டருக்கு வாழ்க்கை முழுக்கத் தள்ளித்தான் போயிருக்கிறது. அதில் அவள் எந்த அர்த்தத்தையும் தேடவில்லை. பழைய புத்தி திரும்பிவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்தாள். மார்பு வலித்தபோது சீட் பெல்ட்டைக் குறை சொன்னாள். மத்தியானத்தில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தபோது மாணவர்கள் வண்டி ஓட்டும் அழகைக் குறை சொன்னாள். கடைசியில் டாக்டரிடம் போய் முறையிட்டுவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள். அதில் அவளுக்குத் தோல்வி என்ற எண்ணம் வரவில்லை. முயன்று பார்த்தாயிற்று, இனி அடுத்த வழி.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"அதெல்லாம் எதுக்கு டாக்டர். என் உடம்பு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. போய்ப் புடிச்சுட்டு வாங்க."

கணவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போனது, நடுவில் கழிப்பறைக்கு ஓடியது, மறுபடி உள்ளே போனது, பிறகு ஸ்கேன் அறைக்குப் போனது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு கட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"எதுக்கு?"

"ஏன் முன்னாடியே வரலைன்னு."

"அது வரலைன்னு சொல்லத்தானே நீயே வந்த?"

"அதான்டா. வராம இருக்கறதுக்கு இந்தத் தடவை ஒரு காரணம் இருக்காம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். புரிய நேரமெடுத்தது. புரிந்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் முறை வந்துவிட்டதோ என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றார்.

மாஸ்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இப்போதைக்கு ஸ்கேனில் ஒரு புள்ளிதான் தெரிகிறது. குழந்தையின் இதயத்துடிப்பு தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அதுவரைக்கும் சந்தோஷப்படலாமா, கூடாதா?" என்று கேட்டான்.

"அடக்கமாப் படலாமாம்."

கீழே கேன்டீனுக்குப் போனார்கள். டீயும் பன்னும் வாங்கினார்கள். அவளுக்கு நல்ல பசி. மதியம் அவளுக்கு வகுப்பு உண்டு. துடிப்பைக் கேட்கும்வரை உன் அம்மாவுக்கும் சொல்லக் கூடாது, முக்கியமாக உன் அக்காவுக்குச் சொல்லவே கூடாது என்றாள். அவன் தலையாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதை நீயே வெச்சுக்க. என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவனுடைய பன்னையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.